பூவே வேலாகும் நந்தவனம்

திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில், சங்க காலத்தில் ஓய்மா நாட்டின் தலைநகராக விளங்கிய ஊர். அந்நாட்டை ஆண்ட நல்லியக்கோடன், சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன். பகைவர் பெருகி வந்த காலத்தில் அம்மன்னன் முருகப்பெருமானை வழிபட்டான். பெருமான் கனவில் தோன்றி, கேணியில் பூத்த பூவைப் பறித்துப் பகைவர்மீது எறியுமாறு பணித்தான். அந்தப் பூவே வேலாக மாறிற்று. அதனால் ஓய்மா நாட்டு ஊர் ஒன்று வேலூர் எனப் பெயர் பெற்றது. இவ்வாறு ஒரு கதையை உரையாசிரியர் நச்சினார்க்கினியர் குறித்து வைத்திருக்கிறார்.

பூவைக் காக்க வேல் வேண்டும் என்பது உலக வழக்கு. பூவே வேலாகிக் காக்கும் என்பது அந்தக் கதை உணர்த்தும் உண்மை. இறைவனுக்காகப் பூச்செடி வளர்க்கும் ஒவ்வோர் அடியாரும் இன்று மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டிய உண்மையும் அதுவே.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் திருக்கோயில்களுக்குக் குறைவில்லை. பசுக்கள் வழிபட்டுக் கொம்பு பெற்ற திருவாமாத்தூர், சுந்தரரை இறைவன் தடுத்தாட்கொண்ட திருவெண்ணெய்நல்லூர், வக்கிரகாளி வீற்றிருக்கும் திருவக்கரை, அங்காளம்மன் அருளும் மேல்மலையனூர், குன்றின்மேல் முருகன் நிற்கும் மயிலம் என அந்தப் பட்டியல் நீளும். திண்டிவனம் என்னும் பெயரே ஒரு மரத்திலிருந்து வந்தது. திந்திரிணி என்றால் புளி. புளியமரக் காட்டில் எழுந்தருளிய இறைவன் திந்திரிணீசுவரர். இந்தக் கோயில்களைச் சூழ்ந்து வாழும் குடும்பங்களில் வீட்டுக்கொரு துளசி மாடமும், கிணற்றடியில் ஒரு நந்தியாவட்டையும், வேலியோரம் செம்பருத்தியும் அரளியும் இருப்பது இயல்பு. விடியற்காலையில் நீராடி, கூடையேந்திப் பூப்பறிப்பது முதியோர் பலருக்கு அன்றாட வழிபாட்டின் முதற்பகுதி.

அந்தச் செடிகளைப் பூச்சி தாக்கும்போதுதான் சோதனை வருகிறது.

கண்ணுக்குத் தெரியும் குற்றமும் தெரியாத குற்றமும்

எந்தப் பூ பூசைக்கு உரியது, எது ஆகாதது என்பதை நம் முன்னோர் நுட்பமாக வகுத்துள்ளனர். கமலை ஞானப்பிரகாசர் அருளிய புட்பவிதி இதற்கென்றே அமைந்த நூல். ஆறுமுக நாவலரும் தமது சைவ வினாவிடையில், பழம்பூ, உதிர்ந்த பூ, புழு கடித்த பூ, சிலந்தி நூல் படிந்த பூ, எச்சம் பட்ட பூ முதலியவற்றை விலக்கச் சொல்கிறார். ஆகவே பூச்சி அரித்த பூவைச் சாத்த அடியவர் மனம் ஒப்புவதில்லை. உடனே கடைக்குச் சென்று ஒரு புட்டி மருந்து வாங்கித் தெளித்துவிடலாம் என்று தோன்றுகிறது. மறுவாரமே செடி பளபளக்கிறது. பூவும் குற்றமின்றித் தோன்றுகிறது.

ஆயினும் அந்தப் பூவின்மேல் கண்ணுக்குத் தெரியாத குற்றம் ஒன்று படிந்திருக்கிறது. பெருமாளுக்குச் சாத்திய துளசி, தீர்த்தத்துடன் நம் வாய்க்குள் செல்கிறது. வில்வத்தைச் சிலர் பிரசாதமாக மெல்லுகின்றனர். அம்மனுக்குச் சூட்டிய பூவைக் கண்ணில் ஒற்றிப் பெண்கள் கூந்தலில் முடிகின்றனர். பேத்தியின் தலையிலும் வைக்கின்றனர். அரிசியையும் காய்கறியையும் கழுவிச் சமைத்து உண்கிறோம். துளசியையும் வில்வத்தையும் சமைப்பதில்லை, பறித்தவாறே ஏற்கிறோம். எனவே உணவுப் பயிரைவிடப் பூசைச் செடிக்கே கூடுதல் காவல் வேண்டும். புழு கடித்த பூ குற்றமுடையது என்றால், நஞ்சு தோய்ந்த பூ எங்ஙனம் தூயதாகும்?

நஞ்சை வீட்டில் வைத்திருப்பதும் இடர்தான். 2013 ஜூலை மாதம் பீகார் மாநிலப் பள்ளி ஒன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் உயிரிழந்தனர். அவ்வுணவில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. வயலுக்கென வாங்கிய நஞ்சு சமையலறையை எட்டினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. பேரக்குழந்தைகள் ஓடியாடும் வீட்டுத் தாழ்வாரத்தில் அத்தகைய புட்டிக்கு இடம் தரலாகாது.

கோட்டையைக் காக்கும் நொச்சி

மயிலம் முருகனுக்கு உகந்தது நொச்சி. அத்தலத்தில் நொச்சி மாலை சாத்துவது வழக்கம். தமிழ் இலக்கணத்திலும் நொச்சிக்குத் தனியிடம் உண்டு. பகைவர் முற்றுகையிட்ட கோட்டையை உள்ளிருந்து காக்கும் வீரர் நொச்சிப் பூச் சூடுவர். அந்தக் காவற்போருக்கே நொச்சித் திணை என்று பெயர். புறப்பொருள் வெண்பாமாலை இதனைத் தனித் திணையாகவே வகுத்துள்ளது.

காவலுக்கு நொச்சியைத் தேர்ந்த முன்னோர், வீட்டுக் காவலுக்கும் அதனையே தேர்ந்தனர். நெற்குதிரிலும் பயறுப் பானையிலும் வண்டு வராமலிருக்க நொச்சி இலையைப் போட்டு வைத்தனர். மாலையில் நொச்சி இலைப் புகை மூட்டிக் கொசுவை விரட்டினர். சளி பிடித்தால் நொச்சி இலை போட்டு ஆவி பிடித்ததை முதியோர் அனைவரும் அறிவர். கொசுக்களை விரட்டுவதற்காகச் சென்னை மாநகராட்சியே மக்களுக்கு நொச்சிக் கன்றுகளை வழங்கியதும் உண்டு.

நொச்சியின் காரமான மணம் பல பூச்சிகளுக்கு ஒவ்வாது. ஆடு மாடுகளும் அதனை மேய்வதில்லை. எனவே தோட்டத்தின் வேலியாக நொச்சிக் குச்சிகளை நட்டுவிட்டால் வேலிக்கு வேலியாயிற்று, மருந்துக்கு மருந்தாயிற்று. மழைக்காலத்தில் குச்சியை ஒடித்து ஊன்றினாலே துளிர்த்துவிடும்.

ஐந்திலைக் கரைசல் என்று இயற்கை வேளாண்மையாளர் போற்றும் மருந்திலும் நொச்சி முதன்மை பெறுகிறது. இதனைத் தமிழகமெங்கும் எடுத்துச் சென்றவர்களுள் தலையாயவர் வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் (1938–2013). இலைகளைத் தேர்ந்தெடுக்கும் முறை எளியது: ஆடு மாடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வடியும் இலை, கசக்கும் இலை, கசக்கினால் காரமாக மணக்கும் இலை ஆகியவை வேண்டும். நொச்சி, வேம்பு, ஆடாதொடை, எருக்கு, சோற்றுக் கற்றாழை ஆகியவை எளிதில் கிடைப்பவை. ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி எடுத்து இடித்து, மண்பானையிலோ பிளாஸ்டிக் வாளியிலோ இட்டு, மூழ்கும் அளவு கோமியமும் நீரும் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி நிழலில் வைத்தல் வேண்டும். நாள்தோறும் ஒருமுறை கிளறிவர, ஏழு முதல் பத்து நாள்களில் கரைசல் ஆயத்தமாகும். வடிகட்டி, ஒரு பங்கு கரைசலுக்குப் பத்துப் பங்கு நீர் சேர்த்துத் தெளிக்கலாம். பசுக்களின் தலமான திருவாமாத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் கோமியத்திற்குப் பஞ்சமில்லை.

மாரியின் இலை மருந்தாவது எப்படி?

வேம்பின் பெருமையை நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. உலகம் அதனை உணர்ந்த விதம் மட்டும் அறியத்தக்கது. 1959-ஆம் ஆண்டு சூடான் நாட்டில் வெட்டுக்கிளிப் படை இறங்கிப் பசுமை அனைத்தையும் தின்று தீர்த்தது. அங்கிருந்த வேப்ப மரங்கள் மட்டும் இலையோடு நின்றன. அதனைக் கண்ட ஜெர்மானியப் பூச்சியியல் அறிஞர் ஹைன்ரிச் ஷ்முட்டரர் வியந்து ஆராயத் தொடங்கினார். 1968-இல் வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டின் என்னும் பொருளை இங்கிலாந்து அறிஞர்கள் பிரித்தெடுத்தனர்.

பின்னர் அதற்கு உரிமை கொண்டாடவும் ஆள் வந்தது. வேப்பெண்ணெயால் பூசணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு, அமெரிக்க வேளாண் துறைக்கும் ஒரு பன்னாட்டு நிறுவனத்திற்கும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994-இல் காப்புரிமை அளித்தது. இது இந்திய உழவர் வழிவழியாக அறிந்த முறை என்று வந்தனா சிவா உள்ளிட்டோர் வழக்காடினர். 2000-ஆம் ஆண்டு அந்த உரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005-இல் தள்ளப்பட்டது. பாட்டி சொன்ன வைத்தியம் வென்றது.

வேம்பு பெரும்பாலும் பூச்சியை அந்தக் கணமே கொல்வதில்லை. அதன் கசப்பால் பூச்சி தின்பதை நிறுத்துகிறது, தோலுரித்து வளர இயலாமற் போகிறது, முட்டையிடுவதும் குறைகிறது. இதனை அறியாமல், தெளித்த மறுநாளே பூச்சி மடியவில்லை என்று சலிப்பவர் உண்டு. ஒரு வாரம் பொறுத்திருந்து மீண்டும் தெளித்தல் வேண்டும்.

ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பு போதும். அதனை இடித்துத் துணியில் முடிந்து, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, காலையில் பிழிந்தால் பால்போன்ற சாறு இறங்கும். அதில் சிறிது காதி சோப்பைக் கரைத்தால் இலையில் நன்றாக ஒட்டும். கொட்டை இல்லாதவர்கள் ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி (5 மி.லி.) வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலுடன் கலந்து தெளிக்கலாம். துணி துவைக்கும் தூளைப் பயன்படுத்தலாகாது, இலை கருகிவிடும். கடும் வெயிலில் அசாடிராக்டின் விரைவில் சிதைந்துவிடும். ஆகவே வெயில் தாழ்ந்த பிறகே தெளித்தல் வேண்டும். தேனீக்கள் கூடு திரும்பியிருக்கும் நேரமும் அதுவே.

பூண்டு இரண்டு பங்கு, இஞ்சி ஒரு பங்கு, பச்சை மிளகாய் ஒரு பங்கு அரைத்து வடித்த சாறும் பலன் தரும். ஒரு லிட்டர் நீருக்குப் பூண்டு 20 கிராம், மற்றவை 10 கிராம் என்னும் அளவு போதுமானது. பூசைச் செடிக்குப் பூண்டு சேர்க்க மனம் ஒப்பாதவர்கள் வேம்பு, நொச்சியோடு நிறுத்திக்கொள்ளலாம். அதனால் குறையொன்றும் இல்லை.

மணிலா வயல் கற்பித்த பாடம்

இவ்வட்டாரத்தில் நிலக்கடலைக்கு மணிலா, மல்லாட்டை என்றே பெயர். திண்டிவனத்தில் எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 எனப் புகழ்பெற்ற மணிலா இரகங்களின் பெயரில் இருப்பது திண்டிவனமே. மணிலாவின் பெரும்பகை சிவப்புக் கம்பளிப்புழு. அதன் கூட்டுப்புழு மண்ணுக்குள் மாதக்கணக்கில் உறங்கும். கோடை மழை பெய்த சில நாள்களில் அந்துப்பூச்சிகள் கூட்டமாக வெளிப்பட்டு நூற்றுக்கணக்கில் முட்டையிடும்.

உழவர்கள் இதற்குக் கண்ட வழி விளக்கு. மழைக்குப் பின்வரும் இரவுகளில் வயலோரம் விளக்கேற்றி, கீழே அகன்ற தட்டில் நீர் வைத்துச் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றினால் அந்துப்பூச்சிகள் ஒளியை நாடி வந்து விழும். கோடை உழவு செய்தால் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து காக்கைக்கும் மைனாவுக்கும் இரையாகும். ஊடே தட்டைப்பயறு விதைத்தால் புழுக்கள் அதில் கூடும், கையால் எடுத்துவிடலாம். வரப்பில் ஆமணக்கு நட்டால் புரொடீனியா என்னும் புழுவின் தாய்ப்பூச்சி அதன் அகன்ற இலையில் முட்டையிடும். அந்த இலையைக் கிள்ளி அழித்தால் வயல் தப்பும்.

வயலில் ஆமணக்கு செய்யும் பணியைத் தோட்டத்தில் செண்டுமல்லி செய்கிறது. துலுக்கச் சாமந்தி என்றும் சொல்லப்படும் அந்தப் பூச்செடியைக் கத்தரி, தக்காளிக்கு இடையே நட்டால் காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி அதனை நாடிச் செல்லும். அதன் வேர் சுரக்கும் பொருள் மண்ணிலுள்ள நூற்புழுக்களையும் குறைக்கும். மாலைக்கும் ஆகி, காவலுக்கும் ஆகும் பூ அது. நல்லியக்கோடன் கதையில் பூ வேலானதுபோல் இங்கும் பூவே வேலாகிறது.

பகைவர் நடுவே நண்பர்

தோட்டத்தில் காணும் பூச்சி எல்லாம் பகை அன்று. சிவப்பில் கரும்புள்ளி இட்ட பொறிவண்டும் அதன் புழுவும் அசுவினியைத் தின்பவை. சிலந்தி, தும்பி, கும்பிடுபூச்சி என்னும் பெருமாள்பூச்சி ஆகியவை காவலர்கள். கொடிய நஞ்சைத் தெளித்தால் முதலில் மடிவது இவர்களே. பகைப் பூச்சி விரைவில் மீண்டு பெருகும். நண்பர் மீளக் காலமாகும்.

நண்பர் வலிமைக்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. மெக்சிகோ பகுதியைச் சேர்ந்த அந்தப் பூச்சி தமிழகத்தில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என எதையும் விடவில்லை. மருந்துகள் அடித்தும் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகைச் சிறு குளவிகளைப் பெங்களூரு ஆய்வு நிறுவனம் வரவழைத்தது. மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு வாழும் அந்தக் குளவிகளைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கி வயல்களில் விட்டது. சில மாதங்களிலேயே பகை ஒடுங்கிற்று. கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிறு குளவி சாதித்ததை நஞ்சு சாதிக்கவில்லை.

செடிதோறும் செய்யத்தக்கவை

துளசி: கதிர் விட்டவுடன் கிள்ளிவிட்டால் செடி தழைக்கும். இலை வெளுத்துப் புள்ளி விழுந்தால் அடிப்புறத்தில் கண்ணாடி இறக்கைப் பூச்சிகள் இருக்கும். அந்தக் கிளைகளைக் கவாத்து செய்து, நீரை வேகமாக அடித்துக் கழுவுவதே முதல் மருந்து.

வில்வம்: எலுமிச்சைக்கும் கறிவேப்பிலைக்கும் இனமான மரம். அவற்றைத் தின்னும் பட்டாம்பூச்சிப் புழுவே இதனையும் தின்னும். இளம்புழு பறவை எச்சம்போலத் தோன்றும், வளர்ந்தபின் பச்சையாகும். கையால் எடுத்து வேறிடத்தில் விட்டால் போதும். பெரிய மரத்தில் நான்கு புழு இருப்பின் அவற்றின் பங்கென்று விட்டுவிடலாம்.

நந்தியாவட்டை, அரளி: விரல் பருமனுள்ள பச்சைப் புழு ஒன்று, இரு பெரிய கண்போன்ற புள்ளிகளோடு இலைகளை ஓரிரவில் தின்றுவிடும். அது கடிப்பதில்லை, குச்சியால் எடுத்து அகற்றலாம்.

செம்பருத்தி: வெண்பஞ்சுபோல் ஒட்டுவது மாவுப்பூச்சி, துளிரில் மொய்ப்பது அசுவினி. இவை சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் இவற்றைப் பசு மேய்ப்பதுபோல் காத்து வளர்க்கும். ஆகவே முதலில் எறும்பின் வழியை அடைத்தல் வேண்டும். தண்டைச் சுற்றி வேப்பெண்ணெய் தோய்த்த துணியைக் கட்டலாம். பின்பு நீரால் கழுவி வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளிக்கலாம். காலைப் பனி ஈரத்தில் சலித்த அடுப்புச் சாம்பலைத் தூவுவதும் பழைய நன்முறை.

மல்லிகை: மொட்டுப்புழு துளைத்த அரும்புகள் ஊதா நிறமாகும். அவற்றைப் பொறுக்கி எரித்துவிட வேண்டும். செடியடியில் போட்டுவிட்டால் புழு மீண்டும் ஏறும். கோடையில் இலையடியில் சிவப்புச் சிலந்திப்பேன் வலை பின்னினால் நீரை அடிப்புறத்தில் பீய்ச்சினாலே பெரிதும் குறையும். கார்த்திகை, மார்கழியில் கவாத்து செய்வது இன்றியமையாதது.

வெள்ளை ஈ பறந்தால் மஞ்சள் அட்டையில் ஆமணக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிடலாம். ஐப்பசி மழையில் நத்தைகள் பெருகினால் ஈரச் சாக்கை இரவில் விரித்து வைத்து, காலையில் அதனடியில் கூடியவற்றை அகற்றலாம், வெறுங்கையால் தொடலாகாது. வேரைப் புழுவோ கறையானோ தாக்கினால் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு இட்டுக் கிளறலாம்.

இயற்கை என்றாலும் எச்சரிக்கை வேண்டும்

இயற்கையில் கிடைப்பதாலேயே எதுவும் தீங்கற்றதாகிவிடாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். ஊமத்தையும் அரளியும் உயிர்க்கே இறுதி தரக்கூடியவை. அவற்றை வீட்டுக் கரைசலில் சேர்க்காமலிருப்பதே நலம். புகையிலைச் சாற்றின் நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடலில் ஏறும்; அதனைத் தவிர்த்தல் வேண்டும். வேப்பெண்ணெயைக் குழந்தைகள் உட்கொண்டு ஆபத்துக்கு உள்ளானதும் உண்டு. எட்டாத இடத்தில், பெயர் எழுதி வைத்தல் வேண்டும். குடிநீர்ப் புட்டியில் எக்கரைசலையும் ஊற்றி வைக்கலாகாது.

தெளிக்கும்போது காற்றுக்கு எதிர்முகமாக நிற்கலாகாது. மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வது நல்லது. புதிய கரைசலை முதலில் ஒரு கிளையில் தெளித்து, இரண்டு நாள் பார்த்த பின்னரே செடி முழுவதும் தெளித்தல் வேண்டும். காலையில் பூசைக்குப் பறித்துவிட்டு மாலையில் தெளிப்பதும், தெளித்த செடியில் மூன்று நாள் கழித்துக் கழுவிப் பறிப்பதும் நன்முறையாகும். ஐயம் எழுந்தால் திண்டிவனத்திலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தில் தாக்குண்ட இலையைக் காட்டிக் கேட்கலாம்.

ஆடியில் தொடங்கலாம்

ஆனியிலும் ஆடியிலும் வேம்பு பழுக்கிறது. அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும் அதே நாள்களில், கோயில் வேம்பின் அடியில் மஞ்சள் பழங்கள் உதிர்ந்து கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கி, சதை நீக்கி, கொட்டையை நிழலில் உலர்த்திக் காற்றோட்டமான பையில் வைத்தால் தை மாதம் கடந்தும் பயன்படும். காசு செலவில்லை, முதியோர் கைக்கு ஏற்ற பணி, பேரப்பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செய்யத்தக்க தொண்டு. கோயில் நந்தவனத்திற்கு ஒரு படி வேப்பங்கொட்டை கொடுப்பதும் கைங்கரியமே.

திருப்புகலூரில் பூத்தொடுத்துச் சாத்தியே நாயன்மார் வரிசையில் இடம்பெற்றவர் முருக நாயனார். திருவரங்கத்தில் துளசியும் பூவும் வளர்த்தே ஆழ்வாராக உயர்ந்தவர் தொண்டரடிப்பொடி. பூவைப் பறித்துத் தருவது மட்டும் அவர்கள் தொண்டாக இருக்கவில்லை. அந்தப் பூ எந்த மண்ணில், எந்த நீரில், எத்தகைய கையால் வளர்ந்தது என்பதும் தொண்டில் அடங்கியிருந்தது. நஞ்சில்லாத ஒரு துளசி இலை, ஓரத்தில் சிறு துளை இல்லாமல் கிடைப்பதற்கு இன்னும் சிறிது உழைப்பு வேண்டும். அந்த உழைப்பையும் சேர்த்தே இறைவன் திருவடியில் சமர்ப்பிப்போமாக.